சந்தனம் பூசிய சட்டம்

வெள்ளிக்கிழமை ஆனால் போதும், நாவல்குப்பம் அரசுப் பள்ளிக்கூடத்து வாசலில் ஷேர் ஆட்டோக்கள் வரிசை கட்டும். பாலசமுத்திரத்திலிருந்து ஒரு கூட்டம், நகரியிலிருந்து ஒரு கூட்டம், சித்தூரிலிருந்து கார் வைத்துக்கொண்டுகூட ஒரு குடும்பம் வந்தது. எல்லார் மடியிலும் ஒரு டேப்லெட், ஊர்ப்பேச்சில் டேப். பிறந்து பத்து நாள் ஆன பிள்ளையைப் போலத் துணியில் சுற்றி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மூலைக்கு ஒரு எலுமிச்சம்பழம் கட்டி எடுத்து வருவார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கிறதா என்று கேட்காதீர்கள். அதைவிடப் பெரிய காரியம் நடந்துகொண்டிருந்தது. டேப்புக்குப் பேய் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

சிரிக்காதீங்க கண்ணுங்களா. சிரிக்கிற இடம் வரும்போது நானே சொல்கிறேன். பேய் எப்படி வந்தது என்று முதலில் கேளுங்கள்.

மாநிலச் சட்டசபையில் ஒரு சட்டம் போட்டார்கள். அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர், டேப், கேமரா இதையெல்லாம் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்ற சட்டம். எட்டாவதிலிருந்து பிள்ளைக்கு ஒரு டேப், வீட்டுக்கும் எடுத்துப்போகலாம். அதில் எது இருக்கலாம், எது கூடாது, பிள்ளைகளின் போட்டோவை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று விவரமாக எழுதினார்கள். இந்த விதிகளைப் பெற்றவர்கள் படிக்கிற பாஷையில் பள்ளிக்கூடத்தில் மாட்டி வைக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். நல்ல சட்டம்தான். ஒரே ஒரு குறை. அதைப் படிக்க வேண்டும் என்று ஒரு விதி எழுத மறந்துவிட்டார்கள்.

தெலுங்கு எல்லையில் தமிழ் பேசுகிற ஊரான நாவல்குப்பத்துக்குத் தமிழ்ப் பிரதி வந்தது. ஹெட்மாஸ்டர் ஹரிபிரசாத் அதைக் கண்ணாடி போட்டு, பிரேம் அடித்து, வராந்தாவில் மாட்டினார். பிரேம் கோணலாக இருக்கிறதா என்று பார்த்தார். ஆணி உறுதியா என்று ஆட்டிப் பார்த்தார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை. ஆபீசர் வந்து கேட்டால் பிரேமைக் காட்டத்தானே போகிறார்!

டேப் வந்திறங்கிய நாள் ஊரே கூடியது. எங்கள் பக்கத்தில் புது டிராக்டர் வந்தாலும், மாமரத்துக்கு மருந்தடிக்கிற மெஷின் வந்தாலும் மஞ்சள் குங்குமம் வைக்காமல் தொடமாட்டார்கள். டேப்புக்கும் வைத்தார்கள். டேப்புக்கு வைத்தவர்கள் சட்டத்தைச் சும்மா விடுவார்களா? அதற்கும் மாலை போட்டார்கள். திருப்பதியிலிருந்து டேப் பெட்டிகளை இறக்க வேனில் ஒருவன் வந்திருந்தான். கிருஷ்ணப்பா என்று பேர். வாட்டசாட்டமான ஆள். “அம்மா, சந்தனம் லேதா?” என்று கேட்டு வாங்கி, கண்ணாடியின் அடிப்பாகத்தில் ஒரு கையகலத்துக்கு அப்பினான். “எவ்ளோ பக்தி பாரு!” என்று கூட்டத்தில் நின்ற செங்கம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பிள்ளைகள் டேப்பைத் திறந்து விளையாட ஆரம்பித்தார்கள். முக்கால் மணி போயிருக்கும், அத்தனை டேப்பும் ஒன்றாக இருண்டது. தட்டினாலும் இல்லை, குலுக்கினாலும் இல்லை. கரும்பலகையாவது பரவாயில்லை, சாக்பீஸ் வைத்தால் எழுதும். பிள்ளைகள் அழ, பெற்றவர்கள் அலற, பெட்டி இறக்க வந்த கிருஷ்ணப்பா முன்னால் வந்தான். கண்ணை மூடினான். ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“எப்போ கண்ணை மூடிச்சு?”

“பத்து நிமிஷம் ஆச்சுங்க.”

“திருஷ்டி” என்றான். உட்கார்ந்து முணுமுணுத்தான். கற்பூரம் கேட்டான். தேங்காய் கேட்டான். இருபது நிமிஷம் போனது. கையைத் தூக்கி, “தெருவு!” என்று தெலுங்கில், திறக்கச் சொல்லி ஒரு அதட்டல் போட்டான். ‘டிங்’ என்று முப்பத்தொரு டேப்பும் கண்ணைத் திறந்தது.

வேனில் வந்தது கிருஷ்ணப்பா. அந்த வேன் திரும்பிப் போகும்போது அதில் ஏற ஆளில்லை. இங்கே ஒளித்திரை சுவாமிகள் இருந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் திருவிழாதான். பள்ளிக்கூடத்துத் திடலில் பிள்ளைகளை உட்காரவைத்து டேப்பைத் திறந்து படிக்கச் சொல்வார் சுவாமி. “மொதல்ல பேயி வெளில வரணும்.” முக்கால் மணி பஜனை. டேப்புகள் ஒவ்வொன்றாக இருளும். பெண்கள் ‘ஐயோ’ என்பார்கள். சுவாமி அருகில் வந்து, “எப்போ மூடிச்சு?” என்று கேட்டு, மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். கையில் வாட்ச் இருக்கும் சாமியை நீங்கள் எந்தக் கோயிலில் பார்த்திருக்கிறீர்கள்? யாருக்கும் அது தோன்றவில்லை. டேப்புக்கு ஒரு நாட்டுக்கோழி காணிக்கை. ஊரில் கோழி கூவி விடிந்த காலம் போய், செல்போன் அலாரத்தில் விடிந்தது. செங்கம்மா மட்டும் மூன்று கோழி கொடுத்தாள். அவள் வீட்டில் டேப்பே கிடையாது. பேரன் பிறந்தால் அவனுக்கு வரப்போகிற டேப்புக்காம்.

கண்ணாடிமேல் பூசிய சந்தனமோ பிரசாதம் ஆகிவிட்டது. வருகிறவர்கள் சுரண்டி நெற்றியில் இட்டுக்கொள்வார்கள். சுவாமி வாராவாரம் புதிதாக அப்புவார், அதே இடத்தில், அதே கையகலத்துக்கு. உலகத்தில் சட்டத்தை மீறின ஊர் உண்டு, மதித்த ஊர் உண்டு. நெற்றியில் பூசிக்கொண்ட ஊர் நாவல்குப்பம் ஒன்றுதான்.

இதுவரைக்கும் கோழிதான் போயிற்று. இனிமேல் சொல்லப்போவது பவ்யாவின் கதை.

பவ்யா ஒன்பதாவது படிக்கிறாள். அப்பா முனிசாமி மாந்தோப்புக் காவல், கரும்பு வெட்டு, கிடைத்த கூலி எதுவானாலும் போவார். அந்தப் பெண் விடாமல் படிக்கிறவள். பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரைக்கும் டேப்பும் கையும்தான். அதனால் அவள் டேப் சாயங்காலத்தில் இரண்டு தடவை இருளும், லீவு நாளில் ஐந்து தடவை. பிரெசிடெண்ட் திருவேங்கடத்தின் மகன் பிரவீன் இருக்கிறானே, அவன் டேப்பை உறையைவிட்டே எடுக்கமாட்டான். அது ஒரு நாளும் இருண்டதில்லை. சுவாமி இரண்டையும் எடைபோட்டுத் தீர்ப்புச் சொன்னார்: பிரவீனுக்கு வித்யா யோகம். பவ்யாவுக்கு வித்யா தோஷம்!

அதோடு விட்டாரா? முனிசாமிக்கு ஒரு வருஷமாகக் கண் மங்கிக்கொண்டே வந்தது. தூரத்தில் நிற்பது மாடா மனுஷனா என்று தெரியாது. அதை யாரோ சுவாமியின் காதில் போட்டார்கள்.

“பொண்ணு கையில டேப் இருள இருள, உன் கண்ணு இருளுது முனிசாமி. அவ படிப்பு உன் பார்வையைத் துன்னுது. நிறுத்து” என்றார் சுவாமி.

முனிசாமி நிறுத்த முடிவு செய்துவிட்டார். வரதய்யபாளையத்தில் அவர் தங்கை காஞ்சனா ஸ்ரீ சிட்டி பேக்டரியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறாள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை டி.சி. வாங்கிக்கொண்டு பவ்யாவை அங்கே கொண்டுபோய் விடுவதென்று ஏற்பாடு.

இது பாப்பாத்தியின் காதுக்கு வந்தது. பாப்பாத்தி பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு ஆக்குகிறவள். அவள் அடுப்புக்கும் எட்டாவது ஒன்பதாவது வகுப்புக்கும் நடுவே ஒரு சன்னல்தான். அவளுக்குக் கடிகாரம் தெரியும், ஆனால் பார்க்கமாட்டாள். அண்டாதான் அவள் கடிகாரம். நூற்றிருபது பிள்ளைக்கு அரிசி போட்டுக் கஞ்சி வடிக்க அரைமணி. ஒரு நிமிஷம் கூடினால் குழையும், குறைந்தால் பிள்ளைகள் வயிறு வலிக்கும். வியாழக்கிழமை அவள் முனிசாமி வீட்டுக்கே போனாள்.

“ஏம்பா முனிசாமி, பொண்ணு படிப்பை நிறுத்தப் போறியாமே?”

“இன்னாக்கா பண்றது? கண்ணு போயிட்டா யாரு சோறு போடுவாங்க?”

“கண்ணுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனியா?”

“சாமி வாணான்னுட்டாரு. இது வேற மாரி மங்குதாம்.”

“சரி, ஒண்ணு சொல்றேன் கேளு. தெனமும் பள்ளிக்கொடத்துல பத்து மணிக்கு பசங்க ‘இருண்டுச்சு இருண்டுச்சு’ன்னு கத்தும். நான் அரிசியைப் போடுவேன். சன்னல்ல ‘டிங்’குன்னு கேக்கும். நான் வடிப்பேன். மூணு மாசமா இதான்.”

“எட்மாஸ்டர் சாரு வந்து எலுமிச்சம்பழம் சுத்துறாருக்கா. சாமி குடுத்த பழம். அதான் தொறக்குது.”

“சாரு சுத்துன அன்னிக்கும் தொறந்துச்சு. போன மாசம் சாரு மச்சான் கல்யாணத்துக்கு லீவு போட்டுகினு போனாரே நாலு நாளு, அந்த நாலு நாளும் தொறந்துச்சு. பழம் பீரோவுக்குள்ள அழுகிக்கினு கெடந்துச்சு. நான்தான் எடுத்து வீசினேன்!”

பவ்யா உள்ளேயிருந்து, “நைனா, அது நெஜம் நைனா, நாங்கல்லாம் பாத்தோம்” என்றாள். “நீ சும்மா இரு. உன்னாலதான் எல்லாம்” என்றார் அவர். சொன்னவுடனே அவருக்கே அழுகை வந்துவிட்டது. பயந்த மனுஷன், கண்ணுங்களா. கொடுமைக்காரர் இல்லை. பயந்தவரைத்தான் இந்தச் சுவாமிகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை வந்தது. திடல் நிறைந்தது. சுவாமி சால்வையும் வாட்சுமாக மேடையில். ஹரிபிரசாத் சார் டி.சி. புத்தகத்தை விரித்துப் பேனாவைத் திறந்துவிட்டார். பவ்யா துணிப்பையைக் கட்டிக்கொண்டு தூண் ஓரம் நின்றாள். பாப்பாத்தி கரண்டியோடு வந்தாள்.

“சார், கையெழுத்து வெக்காதீங்க. ஒரு நிமிஷம்.”

“ஏமி பாப்பாத்தி? சாம்பார் எரியுதா?”

“இல்ல சார். எனக்கு ஒரு சந்தேகம் எரியுது. சாமிகிட்ட கேக்கணும்.” சுவாமியின் பக்கம் திரும்பினாள். “சாமி, இருண்ட டேப்பை நீங்க தொறக்குறீங்க. சத்தியம்தானே?”

“சத்தியம்” என்றார் சுவாமி.

“இன்னைக்கு ஒரே ஒரு டேப்பைத் தொறங்க. நீங்க சொல்ற நேரத்துக்குத் தொறந்துச்சுன்னா, பவ்யா பையை நானே தலைமேல வெச்சுக்கினு வரதய்யபாளையம் பஸ் ஏத்துறேன். வேலையையும் உட்டுடறேன்.”

கூட்டம் சலசலத்தது. பிரெசிடெண்ட் திருவேங்கடம் எழுந்தார். “செஞ்சு காட்டுங்க சாமி. இந்தப் பொம்பளை வாயி மூடட்டும்.” மூன்று மாதமாகக் கோழி தின்ற வாய், முடியாது என்று எப்படிச் சொல்லும்?

“கொண்டு வா” என்றார் சுவாமி.

பாப்பாத்தி எல்லாவற்றுக்கும் முன்னேற்பாடு செய்திருந்தாள். சமையல்கட்டுக்குள் பவ்யாவின் டேப்பையும், யோகக்காரன் பிரவீனின் டேப்பையும் ஒன்றாகத் திறந்து, இரண்டிலும் படம் ஓடவிட்டிருந்தாள். பக்கத்தில் கணக்கு வாத்தியாரம்மா சந்தியா சாட்சி. பாப்பாத்தி உள்ளே போன கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒரே நொடியில் இருண்டது. “ஐயய்யோ, என்னுதுமா?” என்று பிரவீன் வாய் பிளந்தான். முதல் தடவை உறையை விட்டு வெளியே வந்த டேப், பாவம், அதற்கும் தோஷம் பிடித்துவிட்டது!

சந்தியா டீச்சர் மணியைக் காகிதத்தில் குறித்து மடித்துக்கொண்டாள். பாப்பாத்தி இரண்டு டேப்பையும் உடனே வெளியே கொண்டுவரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கும் டீச்சருக்கும்தான் தெரியும்.

பவ்யாவின் டேப்பைச் சுவாமியின் மடியில் வைத்தாள். பிரவீனின் டேப்பை எல்லாரும் பார்க்கத் தரையில் வைத்து, அதன்மேல் காலி அண்டாவைக் கவிழ்த்தாள். அண்டாவின் மேல் சமையல்கட்டுத் துடைப்பத்தைப் படுக்க வைத்தாள்.

“அய்ய, தொடப்பமா!” என்றாள் செங்கம்மா.

“ஆமாங்கா. இதுக்கு மந்திரம் கெடையாது, கற்பூரம் கெடையாது. தொடப்பந்தான். சாமி, நீங்க உங்க டேப்புக்கு ஆரம்பிங்க.”

சுவாமி வழக்கம்போல மணிக்கட்டைத் திருப்பினார். “எப்போ கண்ணை மூடிச்சு?”

“முக்காலமும் தெரிஞ்ச சாமி, என்னைக் கேக்குறீங்களே. நீங்களே சொல்லுங்க.”

“சொன்னாத்தான் நல்லா வேலை செய்யும்.”

“தொடப்பம் கேக்கலியே சாமி.”

பின்வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. இப்போது சிரித்துக்கொள்ளலாம் கண்ணுங்களா, நானும் இங்கேதான் முதலில் சிரித்தேன்.

சுவாமி முணுமுணுத்தார். ஐந்து நிமிஷம். “தெருவு!” என்று கையைத் தூக்கினார். டேப் இருட்டு. “கூட்டத்துல தீட்டு இருக்கு” என்றார். நாலு பேர் எழுந்து பின்னால் போனார்கள். மறுபடி மந்திரம். “தெருவு!” இருட்டு. “பக்தி பத்தலை. கோழி எங்க?” செங்கம்மா சேலைக்குள்ளிருந்து நாலாவது கோழியை நீட்டினாள். கோழிக்குக்கூட நம்பிக்கை இல்லை, கைநழுவி ஓடிவிட்டது. சுவாமி வியர்த்தார். சால்வையை எடுத்தார். மூன்றாவது தடவை கத்தினார், தொண்டை கிழிந்தது. டேப் கறுப்பாக அவர் முகத்தையே அவருக்குக் காட்டியது.

“இன்னைக்கு கிரகம் சரியில்லை” என்று எழுந்தார். “சமையல்காரி தொட்ட டேப் தொறக்காது! இனிமே தொறக்கவே தொறக்காது!”

அவர் சொல்லி முடிக்கவில்லை. கவிழ்த்த அண்டாவுக்குள்ளிருந்து ‘டிங்ங்ங்’ என்று கோயில் மணிபோல முழங்கியது. அதே மூச்சில் சுவாமி கையில் இருந்த டேப்பும் ‘டிங்’ என்றது. அவர் பதறி அதைக் கீழே போடப் போக, சந்தியா டீச்சர் பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

பாப்பாத்தி துடைப்பத்தை எடுத்தாள். அண்டாவை நிமிர்த்தினாள். பிரவீனின் டேப் பளபளவென்று சிரித்தது.

“இதுக்கு யாருப்பா மந்திரம் சொன்னது?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

சந்தியா டீச்சர் காகிதத்தை விரித்து மணியைப் படித்தாள். சரியாக அரைமணி. ஒரு அண்டா சோறு வேகிற நேரம்.

“வாராவாரம் அதே எடத்துல ஏன் சந்தனம் அப்புனாரு?” என்றபடி பாப்பாத்தி வராந்தாவுக்கு நடந்தாள். அரிசி களைந்த தண்ணீரில் துணியை நனைத்து, மூன்று மாதச் சந்தனத்தைக் கண்ணாடியிலிருந்து துடைத்தாள். அடுக்கடுக்காக வந்தது. கடைசி அடுக்குக்குக் கீழே எழுத்து தெரிந்தது.

“எனக்கு இவ்ளோ பொடி எழுத்து வராது. பவ்யா, நீ வா. உங்க நைனா காதுல உழுற மாரிப் படி.”

பவ்யா பையை இறக்கி வைத்தாள். குரல் நடுங்கத்தான் செய்தது. “ஏழாவது விதி. மாணவர்களின் கண்களைப் பாதுகாக்கும் பொருட்டு, தொடர்ந்து நாற்பத்தைந்து நிமிடம் பயன்படுத்திய டேப், படமோ எழுத்தோ இன்றித் தானாக முப்பது நிமிடம் இருளும். பின்னர் ஒலி எழுப்பித் தானாகத் திறக்கும். பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை.”

“இன்னொரு தபா படி” என்றார் முனிசாமி.

அவள் மறுபடி படித்தாள். இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை.

“கண்ணுக்காகவா?” என்றார் முனிசாமி. “உன் கண்ணுக்காகவா அது மூடுச்சு? நீ நெறைய படிச்சதாலயா?”

“ஆமா நைனா.”

முனிசாமி தடவித் தடவி மேஜைக்குப் போய், டி.சி. புத்தகத்தை ஹெட்மாஸ்டரின் முன்னாலேயே மூடினார்.

சுவாமி எங்கே என்று திரும்பினால் சால்வை மட்டும் கிடந்தது. பை கிடந்தது. பைக்குள் தெலுங்கில் ஒரு காகிதம், பெட்டி இறக்குகிறவர்களுக்குத் திருப்பதி குடோனில் கொடுத்த விதிப்பிரதி. ஏழாவது விதியின் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தது. பாருங்கள், இந்தச் சட்டத்தை ஒழுங்காகப் படித்த ஒரே ஆள் அவன்தான்! படித்தவன் சாமியானான், படிக்காதவர்கள் கோழி கொடுத்தார்கள்.

முனிசாமியை அடுத்த வாரம் திருப்பதிக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். புரை என்றார்கள். அறுத்து எடுத்தார்கள். கட்டு அவிழ்த்ததும் மகள் முகத்தைப் பார்த்து, “இவ்ளோ வளந்துட்டியா?” என்றாராம்.

இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? நம் ஜனத்தை உங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காலை. பாப்பாத்தி அடுப்பு மூட்டப் போனாள். சமையல்கட்டு வாசலில் செங்கம்மா நிற்கிறாள், கையில் குங்குமச் சிமிழ், கக்கத்தில் கோழி. பின்னால் பத்துப் பேர். அண்டாவுக்கு ஏற்கெனவே ஒரு மாலை விழுந்திருந்தது.

“இன்னாக்கா இது?” என்றாள் பாப்பாத்தி.

“சாமியால ஆவாததை உன் அண்டா பண்ணுச்சே பாப்பாத்தி! சக்தியுள்ள அண்டா. ஒரு பொட்டு வெச்சுட்டுப் போயிடறேன்.”

பாப்பாத்தி மாலையைக் கழற்றி ஆட்டுக்குப் போட்டாள். துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வழியை மறித்து நின்றாள்.

“அண்டாவுக்கு வெக்கிறதா இருந்தா அரிசி வையி. பொட்டு வெச்சா சோறு வேவாது. கோழியை வூட்டுக்கு எடுத்துக்கினு போ, முட்டையாவது போடும். அதோ வராந்தாவுல கண்ணாடி தொடச்சு வெச்சுகிறேன். மொத்தம் இருவத்திரண்டு விதி. ஏழாவது ஒண்ணுதான் படிச்சோம். மிச்சம் இருவத்தொண்ணு பாக்கி கீது. தெரியலைன்னா பவ்யா படிச்சுக் காட்டுவா. அதைக் கேட்டுட்டு வா, ஒரு கரண்டி சோறு போடறேன்.”

செங்கம்மா வராந்தாவைப் பார்த்தாள். அண்டாவைப் பார்த்தாள். துடைப்பத்தையும் பார்த்தாள். பிறகு கோழியைக் கீழே விட்டுவிட்டுக் கண்ணாடியின் முன்னால் போய் நின்றாள்.

கண்ணுங்களா, அந்தப் பக்கம் போனால் நீங்களும் ஒரு நடை பாருங்கள். கண்ணாடி இப்போது சுத்தமாக இருக்கிறது. மூடியிருந்த டேப் அரைமணியில் தானே திறந்துகொண்டது. மூடி வைத்த மூளைக்கு அந்த ஏற்பாடு எந்தச் சட்டத்திலும் இல்லை. அதை நாமேதான் திறக்க வேண்டும்.